சுமந்தவனா, சொன்னவனா?
இணையப் பழிச்சொல்லும் இணைப்பு வழங்குநரின் சட்டப் பொறுப்பும்

ஒருவரின் மானத்தைக் கெடுப்பதற்கு முன்பெல்லாம் சில எல்லைகள் இருந்தன. திண்ணையில் பேசிய பழி அத்தெருவோடு நின்றது. சந்தையில் பேசிய பழி அடுத்த சந்தை கூடுமுன் களைத்து ஓய்ந்தது. தாளில் அச்சிட்ட பழிக்கோ எழுதியவன், அச்சிட்டவன், வெளியிட்டவன் என மூவர் பெயரும் முகவரியும் இருந்தன. வழக்குத் தொடுக்க ஆளிருந்தது. இன்று இவ்வெல்லைகள் யாவும் தகர்ந்துவிட்டன. பழிச்சொல்லுக்கு இடவெல்லை இல்லை. கால எல்லை இல்லை. சொன்னவனுக்கு முகமும் இல்லை.

பொம்மிடிப் புகைவண்டி நிலையத்தை அடுத்துச் சிறு கடை ஒன்று நடத்தி வாழும் பெண் ஒருவர் மீது, பெயர் மறைத்த ஒருவன் முகநூலில் பொய்ப்பழி ஒன்றை ஏற்றிவிடுகின்றான் என வைத்துக்கொள்வோம். சேலத்தில் புறப்பட்ட வண்டி பொம்மிடிக்கு வந்து சேருமுன் அப்பழி மொரப்பூருக்கும் அரூருக்கும், மலேசியாவில் வேலை பார்க்கும் அவர் தம்பிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவர் எவரைக் கேட்பது? எழுதியவன் யாரெனத் தெரியவில்லை. எழுத இடங்கொடுத்த நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் உள்ளது. இணைப்புத் தந்த நிறுவனமோ, "கம்பி இழுத்துத் தந்ததோடு என் வேலை முடிந்தது" என்கின்றது. காவல் நிலையத்திற்குப் போனால், "நிறுவனத்துக்கு எழுதியிருக்கின்றோம்; விடை வரட்டும்" என்கின்றனர். விடை வருமுன் அவர் கடைக்கு வருவோரின் பார்வை மாறிவிடும். வீட்டார் பேச்சும் மாறிவிடும்.

இந்நிலையில், பழியைச் சுமந்து சென்ற நிறுவனத்தைச் சட்டம் பொறுப்பாக்க வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா எழுகின்றது. "பொறுப்பாக்குக" என உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவ்விடையை அப்படியே சட்டமாக்கினால் அச்சட்டத்தை முதலில் கையிலெடுப்பவர் பொம்மிடிக் கடைக்காரர் அல்லர். அமைச்சரும் ஆலையதிபரும் ஆவர். வலுவற்றவரின் மானத்தைக் காக்கும் சட்டம், வலுத்தவரின் கையில் வாய்ப்பூட்டாக மாறாதிருப்பதற்கு வழி என்ன என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவதாகும்.

மூவகையினர்

இணைய நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது முதற் பிழை. அவர்களுள் மூவகையினர் உளர்.

முதல் வகையினர் தடந் தருவோர். கம்பியோ அலையோ கொண்டு நம் வீட்டையும் கைப்பேசியையும் இணையத்தோடு இணைப்போர் இவர். இவர்களைப் புகைவண்டித் துறைக்கும் அஞ்சல் துறைக்கும் ஒப்பிடலாம். அஞ்சற் பையில் உள்ள ஓலை ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்த பின்னரே வண்டி புறப்பட வேண்டும் என எவரும் சொல்வதில்லை. சொன்னால், பழிச்சொல் நிற்பதோடு காதலர் மடலும் வழக்கறிஞர் மடலும் அரசின் கண்ணுக்குத் தப்பா.

இரண்டாம் வகையினர் இடந் தருவோர். பிறர் எழுதுவதையும் பேசுவதையும் படம் பிடிப்பதையும் தம் கணிப்பொறிகளில் வைத்துக் காட்டுவோர் இவர். இவர்களை நூலகத்துக்கோ புத்தகக் கடைக்கோ ஒப்பிடலாம். கடையிலுள்ள எல்லா நூல்களையும் கடைக்காரர் படித்திருத்தல் இயலாது. ஆயினும், "இந்நூலின் இப்பக்கத்தில் என்னைப் பற்றிய பொய் உள்ளது" என ஒருவர் சான்றோடு வந்து காட்டிய பின்னும் அவர் அதனையே அடுக்கி விற்பாராயின், "எனக்குத் தெரியாது" என்னும் சொல் அவருக்கு உதவாது.

மூன்றாம் வகையினர் பரப்பிப் பொருளீட்டுவோர். எதனை எவர் கண்முன் நிறுத்த வேண்டும், எதனை மேலே ஏற்ற வேண்டும், எதன் அருகே விளம்பரம் வைக்க வேண்டும் என்பதைக் கணித்துத் தள்ளுவோர் இவர். பழியும் வசையும் விரைந்து பரவுகின்றன. பரவப் பரவப் பார்வை கூடுகின்றது. பார்வை கூடக் கூட விளம்பர வருவாய் கூடுகின்றது. இவர்களை அஞ்சற்காரர் என்பதா? ஊர் ஊராக முரசறைந்து, அம்முரசொலிக்குக் கூலியும் பெறுபவரை எவ்வாறு வெறுஞ் சுமைகாரர் எனக் கொள்வது?

ஒரே நிறுவனம் ஒரே நாளில் இம்மூன்று வேலைகளையும் செய்தலும் உண்டு. ஆகலின், பொறுப்பை நிறுவனத்தின் பெயரால் அளத்தல் ஆகாது. அது செய்த செயலால் அளத்தல் வேண்டும். அறிந்திருந்ததா, தடுக்கும் ஆற்றல் இருந்ததா, அதனால் ஊதியம் பெற்றதா என்னும் மூன்று வினாக்களே அதற்கு அளவுகோல்.

இதழ் நடத்துவோர்க்கு இது புதிய செய்தியன்று. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டமே ஒவ்வோர் இதழிலும் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களைப் பொறிக்கச் சொல்லிற்று. வெள்ளையர் அதனைக் கொண்டுவந்தது நம்மைக் கண்காணிப்பதற்காகவே எனினும், எழுத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் நெறி அதனால் ஊன்றிற்று. அந்நெறியை இணையத்திற்கு எந்த அளவு நீட்டலாம் என்பதில்தான் உலகம் தடுமாறிக்கொண்டிருக்கின்றது.

மேலைநாடுகள் பட்டறிந்தவை

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு கம்பியூசெர்வு என்னும் நிறுவனத்தின் மீது ஒரு பழிதூற்றல் (அவதூறு) வழக்கு வந்தது. அந்நிறுவனம் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. ஆகவே அது புத்தகக் கடைக்கு ஒப்பானது என மன்றம் விடுவித்தது. நான்காண்டு கழித்து, 1995இல், பிராடிசி என்னும் மற்றொரு நிறுவனத்தின் மீது இசுட்ராட்டன் ஓக்மாண்டு என்னும் பங்குத் தரகு நிறுவனம் வழக்கிட்டது. பிராடிசியின் பலகையில் பெயர் மறைத்த ஒருவர், அத்தரகு நிறுவனம் ஏமாற்று வேலை செய்கின்றது என எழுதியிருந்தார். பிராடிசி தன் பலகையில் கெட்ட சொற்களை வடிகட்டி வந்தது, வடிகட்டுபவர் பதிப்பாளரே, ஆகவே பொறுப்பு உண்டு என நியூயார்க்கு மன்றம் கூறிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டவன் தப்பினான்; குப்பையைக் கூட்ட முனைந்தவன் மாட்டினான்! இம்முறைகேட்டை நீக்கவே 1996இல் அமெரிக்கப் பேராயம் 230ஆம் பிரிவு என இன்று பேசப்படும் சட்டத்தை இயற்றிற்று. ஆனால் அஃது எதிர்முனைக்கு ஓடிவிட்டது. அறிவித்த பின்னும் அகற்றாத நிறுவனத்துக்குங்கூட அது பழிதூற்றல் வழக்கினின்று காப்புத் தந்தது. உலகத்தின் பெருநிறுவனங்கள் கொழுத்து வளர்ந்தது அந்நிழலில்தான்.

பிராடிசி வழக்கின் பிற்பகுதிதான் நாம் மறக்கக் கூடாதது. "எம் மானம் போயிற்று" என வழக்கிட்ட அத்தரகு நிறுவனம் 1996இல் தொழிலினின்று வெளியேற்றப்பட்டது. அதன் தலைவர்கள் பங்கு மோசடிக் குற்றத்தை 1999இல் தாமே ஒப்புக்கொண்டனர். பலகையில் பெயரில்லாமல் ஒருவர் எழுதியதன் அடிப்படை உண்மையாகவே இருந்தது! பழி எனப் பெயர் சூட்டப்படுவதெல்லாம் பழியன்று. சில நேரங்களில் அஃது உண்மையின் முதற் குரல். அதனை அன்றே அழித்திருந்தால் ஏமாந்தோர் எண்ணிக்கைதான் கூடியிருக்கும்.

இங்கிலாந்தில் வேறொரு பாடம். 1997 சனவரியில் இலாரன்சு காட்பிரே என்னும் இயற்பியலறிஞர் பெயரால், அவர் எழுதாத இழிந்த எழுத்தொன்றை எவரோ இணையத்தில் இட்டுவிட்டனர். அவர் தீமன் என்னும் இணைப்பு நிறுவனத்துக்குச் சனவரி 17 அன்று எழுதி, அது போலி என அறிவித்தார். நிறுவனம் அகற்றவில்லை; பத்து நாள் அஃது அங்கேயே கிடந்தது. 1999 மார்ச்சில் மன்றம், அறிவித்த பின்னும் வைத்திருந்ததால் நிறுவனம் அறியாமையைக் காப்பாகக் காட்டவியலாது என்றது. 2000இல் நிறுவனம் இழப்பீடு தந்து வழக்கை முடித்துக்கொண்டது.

அறிவித்த பின் பொறுப்பு என்னும் இந்நெறி சாலச் சிறந்ததாகவே தோன்றும். அதனுள்ளும் ஒரு முள் இருக்கின்றது. அறிவிப்பு வந்தவுடன், அது மெய்யா பொய்யா என ஆராய நிறுவனத்துக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. ஓர் எழுத்தை அகற்றுவதால் அதற்கு இழப்பு ஒன்றுமில்லை. வைத்திருந்தால் வழக்கு வரும். ஆகவே கேட்டவுடன் அழித்துவிடும். இஃது ஊகமன்று. பெங்களூருவில் உள்ள இணையமும் குமுகமும் குறித்த ஆய்வு நடுவம் 2011இல் ஏழு நிறுவனங்களுக்கு வேண்டுமென்றே குறையுள்ள அறிவிப்புகளை அனுப்பிப் பார்த்தது. ஏழில் ஆறு நிறுவனங்கள் கேட்டதற்கும் மேலாகவே அழித்துக் கொடுத்தன. அச்சுறுத்தப்பட்ட காவலாளி திருடனையும் வீட்டுக்காரனையும் ஒருங்கே வெளியே தள்ளுவான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தியச் சட்டம் வந்த வழி

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 79ஆம் பிரிவு இந்நிறுவனங்களுக்கு ஒரு காப்புத் தந்தது. ஆயினும் அக்காப்பு அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பழிதூற்றல் குற்றமோ இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவாக அமர்ந்திருக்கின்றது. 2008இல் நிறைவேறி 2009 அக்தோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், பிற சட்டங்களுக்கும் அக்காப்பை விரித்தது. நிறுவனம் தானே செய்தியைத் தொடங்காமலும், பெறுவோரைத் தேர்ந்தெடுக்காமலும், உள்ளடக்கத்தை மாற்றாமலும் இருந்தால் பொறுப்பில்லை. ஆனால் உண்மையாக அறிந்த பின்னும் விரைந்து அகற்றாவிடில் காப்புப் போய்விடும் என்பது அதன் சாரம்.

இம்மாற்றத்தின் எல்லைக்கோட்டில் சிக்கியதுதான் கூகுள் நிறுவனத்தின் மீது விசாகா இண்டசிட்ரீசு தொடுத்த வழக்கு. கல்நார்ப் பொருள்கள் செய்யும் அந்நிறுவனத்தைப் பற்றி, கல்நாரைத் தடைசெய்ய வேண்டும் என இயங்குவோர் 2008இல் கூகுளின் குழுவொன்றில் எழுதினர். எழுதியவரோடு கூகுளின் இந்தியக் கிளையையும் சேர்த்து விசாகா குற்றவழக்குத் தொடுத்தது. 2019 திசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், எழுத்துகள் பழைய சட்டத்தின் காலத்தன ஆகலின் பழைய 79ஆம் பிரிவு பழிதூற்றல் குற்றத்துக்குக் காப்பாகாது எனக் கூறி, வழக்கு நடக்கட்டும் என்றது. "குழுவை நடத்துவது அமெரிக்கத் தாய் நிறுவனமே, இந்தியக் கிளைக்குத் தொடர்பில்லை" என்னும் கூகுளின் கூற்றையும் விசாரணையில் பார்த்துக்கொள்க என விட்டது.

இங்கே இரண்டு செய்திகளை நோக்குக. ஒன்று, வழக்கிட்டது ஓர் ஆலை நிறுவனம். வழக்கிற்குள்ளான எழுத்து ஒரு பொதுநலப் போராட்டத்தைப் பற்றியது. மற்றொன்று, 2008இல் எழுதியதற்கு எவர் பொறுப்பு என்னும் முதல் வினாவைத் தாண்டவே பதினோராண்டு கழிந்தது. பணமுள்ள நிறுவனம் பதினோராண்டு காத்திருக்கும். பொம்மிடிக் கடைக்காரரால் பதினொரு நாள் காத்திருக்க முடியுமா?

இடையே 2015 மார்ச்சு 24 அன்று சிரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தெளிவு செய்தது. "உண்மையாக அறிதல்" என்பது தனியொருவர் அனுப்பும் அறிவிப்பால் அமைவதன்று; மன்ற ஆணையோ, அரசின் முறையான அறிவிப்போ வந்த பின்னரே கடமை எழும் என்றது. எது பழி, எது மெய் என முடிவுசெய்யும் நடுவர் வேலையை நிறுவனத்திடம் விடலாகாது என்னும் கருத்து மிகச் சரியே. ஆயினும் அத்தீர்ப்பு இரண்டு வாயில்களைத் திறந்துவைத்தது. மன்றம் என்னும் வாயில் எளியவனுக்குத் தொலைவில் இருக்கின்றது. அரசின் அறிவிப்பு என்னும் வாயிலோ ஆட்சியாளரின் வீட்டு வாயிலாகவே இருக்கின்றது.

நம் மண்ணில் கண்ட இரு முகங்கள்

முதலில் எளியவர் பக்கம் நின்று பார்ப்போம். 2004ஆம் ஆண்டு, யாகூ குழுவொன்றில் ஒரு பெண்ணைப் பற்றி இழிசெய்தி பரப்பிய ஒருவனைச் சென்னைக் காவல்துறை தடம்பற்றிப் பிடித்தது. வழக்குப் பதிந்து ஏறத்தாழ ஏழு திங்களுக்குள், அவ்வாண்டு நவம்பரில், எழும்பூர் நீதிமன்றம் அவனுக்குச் சிறைத்தண்டம் விதித்தது. இணையம் இன்னும் பரவாத காலத்தில், காவலரும் மன்றமும் முனைந்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

பன்னிரண்டாண்டு கழித்து நடந்தது என்ன? 2016 சூன் திங்களில், நம் மாவட்டத்தை அடுத்த சேலம் மாவட்டத்தில், இளம்பெண் ஒருவரின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் ஏற்றினான் ஒருவன். பெற்றோர் காவல்துறையில் முறையிட்டனர். முகநூல் நிறுவனத்தினின்று விவரம் வரவேண்டும் எனக் காத்திருப்பு நீண்டது. அதற்குள் மற்றொரு படமும் ஏறிற்று. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே குற்றவாளி பிடிபட்டான். காலத்தாழ்வுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பொதுவில் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தால் மீள்வது உயிரன்று. கணிப்பொறியின் ஒரு விசையைத் தட்டினால் மறைந்திருக்கும் படம், தட்டுவதற்குரிய ஆள் எட்டாத தொலைவில் இருந்தமையால் மறையவில்லை. "இடந்தருவோர்க்குப் பொறுப்பே வேண்டா" என்பார், அப்பெற்றோர் முகத்தைப் பார்த்து அதனைச் சொல்லட்டும்.

இனி வலியவர் பக்கம் பார்ப்போம். 2012 அக்தோபரில், அன்றைய ஒன்றிய நிதியமைச்சரின் மகனைப் பற்றிக் கீச்சகத்தில் ஒருவரி எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முனைவர் ஒருவர் விடியற்காலையில் தளைப்படுத்தப்பட்டார். எந்த 66ஏ பிரிவின் கீழ் அது நடந்ததோ, அப்பிரிவைத்தான் சிரேயா சிங்கால் தீர்ப்பு முற்றாக நீக்கிற்று. அமைச்சரின் மகனுக்கு ஒரு விடியலுக்குள் விரைந்த காவல்துறை, எளிய பெண்ணுக்கு ஏன் விரையவில்லை என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

2025 பிப்பிரவரியில் நடந்தது இன்னும் அண்மையது. அமெரிக்காவினின்று இந்தியர் விலங்கிட்டு அனுப்பப்பட்ட வேளையில், தலைமையமைச்சர் மோடி விலங்கு பூண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் திரம்பின் அருகே அமர்ந்திருப்பதாக விகடன் ஒரு கருத்துப்படம் வெளியிட்டது. பிப்பிரவரி 15 மாலை முதல் விகடனின் வலைத்தளமே பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக ஒரு முழு நிறுவனத்தின் வாயில் அடைக்கப்பட்டது. அடைத்த கை எது? தடந் தருவோர் கை. அடைக்கச் சொன்ன வாய் எது? ஒன்றிய அரசின் வாய். மார்ச்சு 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தளத்தைத் திறக்க ஆணையிட்டது. ஆயினும் அப்படத்தை அப்போதைக்கு நீக்கிவிட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடுதான் திறக்கச் செய்தது. படம் சட்டத்திற்கு மாறானதா என்னும் முடிவு வருமுன்னரே படம் மறைந்தது.

இத்தகைய முன்தடை கூடாது என்பது புதிதாக நாம் கேட்பதன்று. இம்மண்ணின் வழக்கொன்றிலேயே உச்சநீதிமன்றம் வகுத்த நெறி அது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழைச் சிறைத்துறைத் தலைவர் தடுக்க முனைந்தபோது, 1994 அக்தோபர் 7 அன்று வந்த இராசகோபால் வழக்கின் தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க அரசுக்கோ அலுவலருக்கோ உரிமையில்லை எனத் தெளிவாகச் சொல்லிற்று. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தம் மானம் கெட்டதாக இழப்பீட்டு வழக்கும் தொடுக்கவியலாது என்றது. தாளுக்குக் கிடைத்த அக்காப்பு திரைக்கு ஏன் கிடைக்கவில்லை? அச்சுக்கூடத்தை நேரே பூட்டினால் ஊர் கூடிவிடும். இணைப்பு நிறுவனத்திடம் சொல்லிப் பூட்டினால் பூட்டியவர் எவர் என்றே தெரியாது. அதனால்தான்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். 2007 சூனில் இலங்கை அரசு தமிழ்நெட்டு வலைத்தளத்தை அந்நாட்டு இணைப்பு நிறுவனங்களைக் கொண்டே அடைத்தது. போர் முற்றிய காலத்தில், ஈழத்தில் நடப்பதைச் சொன்ன ஒரு வாயிலை அடைப்பதற்குப் படைவீரன் எவனும் தேவைப்படவில்லை. ஒரு கட்டளையே போதுமானதாக இருந்தது. அதே இலங்கை 2002இல் பழிதூற்றலைக் குற்றச் சட்டத்தினின்று நீக்கிய நாடு என்பதையும், 2024இல் இணையக் காப்பு என்னும் பெயரால் கருத்துகளை அகற்ற ஆணையிடும் ஆணைக்குழுவைச் சட்டத்தால் அமைத்த நாடு என்பதையும் ஒருங்கே எண்ணுக. ஒரு கதவை மூடி மற்றொரு கதவைத் திறத்தல் ஆட்சியாளர்க்குக் கைவந்த கலை.

தில்லியும் பின்தங்கவில்லை. 2023இல், ஒன்றிய அரசைப் பற்றிய செய்திகளுள் எது பொய் என்பதை அவ்வரசின் குழுவே முடிவுசெய்யும் என விதியொன்றைத் திருத்தினர். பொய்யெனச் சுட்டியதை வைத்திருக்கும் நிறுவனம் காப்பை இழக்கும். 2024 செப்தம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கிற்று. ஆனால், 79ஆம் பிரிவையே அகற்றல் ஆணைகளுக்கான கருவியாகக் கொண்டு அமைக்கப்பட்ட "சகயோகு" என்னும் வாயிலை எதிர்த்து எக்சு நிறுவனம் தொடுத்த வழக்கைக் கருநாடக உயர்நீதிமன்றம் 2025 செப்தம்பர் 24 அன்று தள்ளிவிட்டது. நிறுவனத்துக்குக் காப்பாகப் பிறந்த பிரிவு, அரசுக்குக் கைவாளாக வளர்ந்திருக்கின்றது.

வேண்டுவன

ஆகவே, "நிறுவனத்தைப் பொறுப்பாக்குக" என்பதும் "விட்டுவிடுக" என்பதும் ஆகிய இரண்டும் அரைகுறை விடைகளே. நாம் வலியுறுத்த வேண்டுவன இவை:

1. தடந் தருவோர்க்குப் பழிதூற்றலுக்கான பொறுப்பு வேண்டா. அவ்வாறே, மன்ற ஆணையின்றி எந்தத் தளத்தையும் அடைக்கும் உரிமையும் அவர்க்கு வேண்டா. அடைத்தால், எவர் ஆணையால், எக்காரணத்தால் அடைத்தோம் என்பதை அத்தளம் திறக்க வேண்டிய இடத்திலேயே எழுதிக்காட்டல் வேண்டும்.

2. இடந் தருவோர் அறிவிப்புக் கிடைத்தவுடன் அதனை எழுதியவருக்கு அனுப்புதல் வேண்டும். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுப் பழிதூற்றல் சட்டம் இவ்வழியையே காட்டுகின்றது. அதன் விதிகளின்படி நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் எழுதியவருக்கு அறிவிக்கும். அவர் ஐந்து நாளில் விடையிறுக்க வேண்டும். விடையில்லையேல் எழுத்து அகலும். தம் பெயரோடு நின்று பொறுப்பேற்றால் வழக்கு அவருக்கும் முறையிட்டவருக்கும் இடையே நடக்கும். உண்மை சொன்னவர் நின்று பேச இடமுண்டு. பொய் சொன்னவர் ஒளிய இடமில்லை.

3. உடலை இழிவுபடுத்தும் படங்களுக்கு இக்காத்திருப்பும் கூடாது. அவற்றில் மெய், பொய் ஆராய்தற்கு ஒன்றுமில்லை. பழியுற்றவர் சொன்ன அளவில் மறைத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகள் இதற்கெனத் தனியே 24 மணி நேர எல்லை வகுத்தன. அவ்வெல்லை ஏட்டில் நின்றுவிடாமல், தவறிய நிறுவனம் பழியுற்றவருக்கு நேரே இழப்பீடு தரும்படி ஆதல் வேண்டும்.

4. விளம்பரக் கூலி பெற்றுப் பரப்பியதற்கும், அறிவித்த பின்னும் தன் கணிப்பால் மேலேற்றித் தள்ளியதற்கும் நிறுவனம் வெளியீட்டாளரைப் போன்றே பொறுப்பேற்றல் வேண்டும். "யாம் அமெரிக்க நிறுவனம், கிளைக்குத் தொடர்பில்லை" என்னும் பேச்சுக்கு இடமில்லாதவாறு, இங்கு வருவாய் பெறும் கிளையே இங்கு மறுமொழி சொல்லல் வேண்டும்.

5. இடைக்கால ஆணை வழங்கும் அதிகாரத்தை வட்ட அளவிலுள்ள நீதிமன்றத்துக்குத் தந்து, நாள் கணக்கில் முடிவுசெய்யும் முறையை வகுத்தல் வேண்டும். முறையீடும் விடையும் ஆணையும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழில் எழுதிய பழிக்குத் தமிழில் முறையிடுகின்றவரிடம், அதனை ஆங்கிலத்தில் விளக்குக எனக் கேட்பது கொடுமையிற் கொடுமை. தமிழில் விளம்பரம் விற்கத் தெரிந்த நிறுவனத்துக்குத் தமிழில் முறையீடு படிக்கத் தெரியாதா?

6. அரசும் அமைச்சரும் அரசு அலுவலரும் தம் பதவிச் செயலைப் பற்றிய எழுத்தை இவ்வழிகளால் அகற்றக் கூடாது. இராசகோபால் வழக்கின் நெறி இணையத்துக்கும் உரியது எனச் சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும்.

7. பழிதூற்றலைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருத்தல் ஒழிக. உச்சநீதிமன்றம் 2016இல் அதனை நிலைநிறுத்திற்று எனினும், சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் அதனை நீக்குவதற்குத் தடையில்லை. இங்கிலாந்து 2009இல் சட்டமியற்றி அதனை நீக்கியது. அவர்கள் நமக்குக் கட்டிவிட்ட விலங்கை அவர்களே கழற்றிவிட்டனர். நாம் இன்னும் சுமந்து திரிகின்றோம்.

நம் கடமை

சட்டத்தை மட்டுமே நம்பியிருத்தலும் நமக்கு அழகன்று. வள்ளுவப் பேராசான் புறங்கூறாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் காலத்தில் புறங்கூறுபவன் நாவொன்றே உடையவன். இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அச்சுக்கூடம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றோம். புலனத்தில் வந்ததைப் படித்தும் படிக்காமலும் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் ஒவ்வொரு விரலும் ஒரு சுமைகாரனின் விரலே. "எனக்கு வந்தது; அனுப்பினேன்" என நாம் சொல்வதும், "அவர் எழுதினார்; காட்டினேன்" என நிறுவனம் சொல்வதும் ஒரே சொல்லின் இருவேறு ஒலிகள் அல்லவா? நிறுவனத்தை நோக்கி நீட்டும் அம்மூன்று வினாக்களை நம் விரலை நோக்கியும் நீட்டிப் பார்த்தல் வேண்டும்.

வலியவனின் மானத்துக்கு வழக்கறிஞர் பலர் உளர். அரசின் மானத்துக்குக் காவல்துறையே உண்டு. எளியவரின் மானத்துக்கு எவரும் இல்லாத நிலையில்தான் சட்டம் தேவைப்படுகின்றது. அச்சட்டம் பொம்மிடிக்கு வந்து சேரட்டும்; தமிழில் வந்து சேரட்டும்; பழி பரவும் விரைவில் வந்து சேரட்டும். ஆனால் உண்மை பேசுவோரின் வாயை அடைக்கும் பூட்டு எதுவும் அச்சட்டத்தின் பெயரால் வந்து சேராதவாறு விழித்திருப்பது நம் கடமை. மானமும் வேண்டும், உரிமையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்போர்க்கு இடங்கொடேல்!